மாமனாரின் சார்ஜர்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் பழுதுபார்க்கும் மருமகள், மாமனாரின் ரேடியோவுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளும் வாங்கி, சார்ஜரையும் தன் கையாலேயே செய்து கொடுத்தாள். பேட்டரி நிறைந்து சூடேறியதும் சென்சார் அதை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஆனால் சார்ஜர் நிற்காமல் ஓடியது. பேட்டரிகள் ஒவ்வொன்றாகப் பாழாயின.

கடையில் வைத்துச் சோதித்தால் சொன்னபடி கேட்டது. வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சென்சாரை மாற்றினாள், ஐ.சி. சிப்பை மாற்றினாள். பலனில்லை.

விடுமுறையன்று அழுக்குத் துணி எடுக்க மாமனாரின் அறைக்குள் போனாள். மேசை விசிறி சார்ஜரைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மாமனார் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா இது?"

"தொட்டா சுடுதும்மா. நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது, வெடிச்சுத் தொலைச்சா?"

"சூடானாதான் மாமா அது நிக்கும்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சொல்லவில்லைதான். விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். இருவரும் சார்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அதன் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது.

"நின்னுடுச்சு" என்றார் மாமனார். பிறகு பேட்டரிகளை ரேடியோவில் போட்டார்.