மெரிடியனின் கம்பிகள்

எழுபத்துநாலு பீரங்கி சுமந்த மெரிடியன் போர்க்கப்பல் இருபது வருஷம் கடலில் அடிபட்டு இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அதன் அடிமரம் உளுத்துப்போயிருந்தது. சண்டைக்கு ஆகாது என்று பாய்மரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். இனி அது நங்கூரத்திலேயே கிடக்கப்போகும் சிறைக்கப்பல்.

தச்சன் ஜேபஸ் ட்ரெவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கல்யாணமான மூன்றாம் வாரமே கடற்படைக்குப் பலவந்தமாக ஆள்பிடிக்கும் கும்பல் அவனைத் தடியால் அடித்து இந்தக் கப்பலில் தள்ளியது. ஏழு வருஷமாக, ஓடிவிடுவான் என்று எந்தத் துறைமுகத்திலும் கரையில் கால்வைக்க விடவில்லை. கப்பல் செத்ததால் அவனுக்கு வீடு கிடைக்கப்போகிறது. வரச்சொல்லி மனைவி டாம்சினுக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டான்.

"பீரங்கி ஜன்னலுக்கெல்லாம் கம்பி போடு, ட்ரெவன். முடிச்சதும் நீ ஊருக்குப் போகலாம்," என்றார் லெப்டினன்ட் கார்ஃபாக்ஸ்.

"யாரை அடைக்கறதுக்குங்க ஐயா?"

"வேற யாரை? பிரெஞ்சுக்காரனைத்தான்."

ஜேபஸ் பேய்போல வேலை செய்தான். ஒவ்வொரு கம்பியையும் ஓக் சட்டத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினான்.

"எதுக்குடா இவ்வளவு ஆழம்? யானையா கட்டப்போற?" என்று கூட இருந்த ஓபி சிரித்தான். "அந்தக் கடைசிக் கம்பி ஆடுது பாரு. போகட்டும், விட்டுடு."

"சண்டையில என் மூணு வெரலை எடுத்த பிரெஞ்சுக்காரனுங்கடா! உள்ளயே கெடந்து சாவட்டும்." அதையும் கழற்றி மறுபடி அடித்து இறுக்கினான்.

வேலை முடிந்த அன்று மதியமே மாலுமிகள் எல்லோரையும் கீழ்த்தளத்துக்கு விரட்டினார்கள். படியில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். ஒரு கப்பல் ஓய்ந்தால், ஆட்களைக் கரையேற்றாமலே அடுத்த கப்பலுக்கு மாற்றுவது கடற்படை வழக்கம். ஜேபஸுக்கும் அது தெரியும். தச்சனுக்கு அது பொருந்தாது என்று நம்பியிருந்தான், பைத்தியக்காரன்.

"புதுக் கப்பல் வர மூணு வாரம் ஆகும். அதுவரை இங்கயே இருங்க," என்றார் கார்ஃபாக்ஸ்.

"ஐயா, ஊருக்குப் போகலாம்னு சொன்னீங்களே!"

"சொல்லலேன்னா இப்படி வேலை செஞ்சிருப்பியா? உன்னை மாதிரி தச்சனை எவன்டா விடுவான்?"

கதவு சாத்தப்பட்டது. வெளியே ஒரு சின்னப் படகு வந்தது. அதில் டாம்சின், மடியில் ரொட்டிக் கூடை. "ஜேபஸ்! ஜேபஸ்!" என்று ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினாள். காவல் படகு குறுக்கே புகுந்து அவள் படகைத் துடுப்பால் தள்ளியது. கூடை தண்ணீரில் விழுந்தது. ஜேபஸ் கையை நீட்டினான். தோள் கம்பியில் இடித்தது.

"அந்த ஆடின கம்பி எதுடா?" என்றான் ஓபி.

ஜேபஸ் காட்டினான். இருவரும் சேர்ந்து பிடித்து உலுக்கினார்கள். கம்பி அசையவே இல்லை.