அடிக்காமல் நின்ற பனால்டி

மயிலிட்டி உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காக்கிற கோலி கிறிஸ்துநாயகம் ஆறடி இரண்டங்குல உயரம், தொண்ணூற்றைந்து கிலோ எடை. இவ்வளவு பெரிய சரீரம் ஒரு ஒல்லி மனிதன் மேல் முழுசாகப் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்துகொண்டான்.

இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. முடிய நாலு நிமிடம்தான் இருந்தது. குருநகர் அணியின் ஜெரிசன் பந்தோடு தனியே வந்தான். கிறிஸ்துநாயகம் பாய்ந்தான். பந்து ஒரு பக்கம் போனது, ஆட்கள் இரண்டு பேரும் மற்றப் பக்கம் போய்க் கோல் கம்பத்தில் மோதினார்கள். இரும்புக் கம்பத்துக்கும் தொண்ணூற்றைந்து கிலோவுக்கும் நடுவில் ஜெரிசனின் வலது தொடை அகப்பட்டது. மடார் என்று ஒரு சத்தம். மத்தியஸ்தர் விசிலை ஊதிப் பனால்டி என்று கையை நீட்டினார், நீட்டிய கையை இறக்க மறந்துபோனார். எலும்பு வெளியே வந்திருந்தது, இரத்தம் பீறிட்டது.

கிறிஸ்துநாயகம் யோசிக்கவில்லை. கையுறை போட்ட இரண்டு கைகளாலும் அந்த இடத்தை அமத்திப் பிடித்தான். அம்புலன்ஸ் வந்தபோதும் கையை எடுக்கவில்லை, ஏற்றியபோதும் எடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரி வாசலில் டொக்டர் அருந்ததி குனிந்து பார்த்தார்.

"தம்பி, நீர் ஆர்?"

"எதிர்ப் பக்கத்துக் கோலி, டொக்டர்."

"பிடிச்ச பிடியை விட்டிடாதையும். ஒப்பரேசன் தியேட்டர் வரைக்கும் அப்பிடியே வாரும்."

அந்த வருஷம் முழுக்க அவன் உருப்படியாகப் பிடித்தது அது ஒன்றுதான் என்று மயிலிட்டியில் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். ஆனால் தியேட்டர் கதவு மூடியபோது அவனுக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. இவன் செத்தால் நான் கொலைகாரன், இவன் கால் போனால் நான் அதைவிட மோசமானவன் என்றே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் மைதானமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. இரண்டு அணிகளும் பூட்ஸ் சத்தம் டக்குடக்கென்று கேட்க, மத்தியஸ்தர் விசிலோடு, கச்சான் கடலை விற்கிறவர் கடலையோடு, எல்லோரும் இரத்த வங்கி வாசலில் வரிசை கட்டினார்கள். குடையை நீட்டி வாசலை மறித்து நின்றாள் ஜெரிசனின் தாய் அருமைநாயகி. ஒரு ஆட்டமும் தவறவிடாதவள். அவளுடைய குடையால் அடி வாங்கிய எல்லைக்கோட்டு நடுவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"மயிலிட்டி இரத்தம் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்! உவங்கடை இரத்தம் ஏறினா அவன் அடுத்த வருஷம் எங்கடை பக்கத்துக்கெல்லோ கோல் அடிப்பான்!"

சிரிக்காதீர்கள். குருநகர் ஆட்களில் பாதிப் பேர் இதைக் கேட்டு ஓமென்று தலையாட்டினார்கள். இரத்த வங்கித் தாதி கஜந்தினி வெளியே வந்தாள்.

"அம்மா, இப்ப குடுக்கிற இரத்தத்தைச் சோதிச்சுப்போட்டுத்தான் ஆருக்கும் ஏத்துவம். உங்கடை மகனுக்கு இப்ப ஏறுறது போன கிழமை சுன்னாகச் சந்தை வெங்காய யாவாரியளிட்டை முகாம் வைச்சு எடுத்தது."

"ஐயோ, வெங்காயக்காரரின்ரையோ?"

"ஓம். பன்ரண்டு பை ஏறிப்போட்டுது, தியேட்டரிலை இன்னும் கேக்கினம். எல்லாத்தையும் அவருக்கே குடுத்திட்டா, நாளைக்கு அடிபட்டு வாறவைக்கு நான் எதை ஏத்துறது? இவையை உள்ளுக்கு விடுங்கோ."

குடை இறங்கியது. முதல் ஆளாகப் போனவன் கிறிஸ்துநாயகம். ஊசியைக் கண்டான், அவ்வளவுதான், தொபீரென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் இரண்டு கட்டில்கள் இடம் மாறின.

"இவ்வளவு நேரமும் இரத்தத்துக்கை கை வைச்சுக்கொண்டு வந்த ஆள்தானே அண்ணை நீங்கள்!"

"அது வேறை மிஸ், இது ஊசி. நான் கண்ணை மூடுறன், நீங்கள் எடுங்கோ." எடுத்து முடித்து, சீனி கூடின பிளேன்ரீயும் பிஸ்கற்றும் உள்ளே போனதும் அவனுக்கு வீரம் வந்துவிட்டது. "இன்னொருக்கா எடுக்கேலாதோ?"

"நாலு மாசத்தாலை வாங்கோ."

பின்னேரம் டொக்டர் அருந்ததி வெளியே வந்தார். "இருபத்திரண்டு பை. அதோடை பிளாஸ்மா, பிளேற்லெற் எல்லாம் தனி. உடம்பிலை இருந்த இரத்தம் முழுக்க மாறி அதுக்கு மேலையும் போட்டுது. மற்றக் காலிலை ஒரு துண்டு நாளம் எடுத்து அறுந்த இடத்திலை தைச்சிருக்கிறம். எலும்புக்கு இப்ப வெளியாலை கம்பி, பிறகு உள்ளுக்கை. உயிர் தப்பும். பாதத்துக்கு இரத்தம் ஓடுது, சூடாத்தான் இருக்கு. நடப்பாரோ எண்டதைப் போகப்போகப் பாப்பம்."

கிறிஸ்துநாயகம் குழந்தைப்பிள்ளை மாதிரிக் குழறி அழுதான். அருமைநாயகி அவன் முதுகில் குடையால் ஒன்று போட்டாள். "அழாதை. போய் முதலிலை அந்தக் கையுறையைக் கழுவு." பிறகு தானும் அழுதாள்.

மூன்றாம் நாள் ஜெரிசனுக்கு நல்ல நினைவு வந்தது. தாய் நெற்றியில் சிலுவை போட்டாள். அவன் மெதுவாக வாயைத் திறந்தான். "அம்மா, இண்டைக்கு வெங்காயம் என்ன விலை?"

அருமைநாயகி "மாதாவே!" என்று அலறினாள். கஜந்தினிதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற கிறிஸ்துநாயகம் சிரித்த சிரிப்பில் வார்ட்டில் இருந்து அவனை வெளியே துரத்தினார்கள். கதவடியில் நிற்கும்போது உள்ளே இருந்து ஜெரிசனின் குரல் வந்தது.

"மச்சான், என்ரை பனால்டி என்ன மாதிரி?"

"கிடக்கு! ஒருத்தரும் தொடேலை!"

உண்மையாகவே தொடவில்லை. ஆட்டம் முடியவில்லை என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டு கிண்ணத்தைப் பூட்டி வைத்தார்கள். எட்டு மாதம் கிறிஸ்துநாயகம் கிழமைக்கு மூன்று தரம் மயிலிட்டியில் இருந்து பஸ் ஏறி வந்து அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தான். முழங்கால் எவ்வளவு மடிகிறது, தொடை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதெல்லாம் சொந்தக்காரனைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எட்டாம் மாதம் டொக்டர் அருந்ததி ஒரேயொரு உதைக்கு அனுமதி தந்தார். அதே மைதானம், அதே கம்பம், இரண்டு ஊர்ச் சனமும் கடற்கரை வரைக்கும். கிறிஸ்துநாயகம் விட்டுக்கொடுத்துவிடுவான் என்றுதான் எல்லோருக்கும் சந்தேகம். அருமைநாயகி குடையோடு கோல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விட்டுக் குடுத்தியோ, உன்ரை காலை நான் முறிப்பன்."

"இல்லையம்மா. மாதாவாணை பிடிப்பன்."

அவன் மனதார அப்படித்தான் நினைத்திருந்தான். ஜெரிசன் இடது காலால்தான் அடிப்பான் என்று அதற்கேற்ற மாதிரி நின்றும்கொண்டான். ஜெரிசன் மூன்று எட்டு ஓடி வந்தான். இடது காலை ஊன்றினான். கம்பி வைத்த வலது கால் பின்னால் போய், ஒரு நடுக்கமும் இல்லாமல் வீசிக்கொண்டு வந்தது.

வலை அசைந்தது. குருநகர் பக்கம் பட்டாசு வெடித்தது, மயிலிட்டி பக்கமும் வெடித்தது. கிறிஸ்துநாயகம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே வாயெல்லாம் பல்லாக நின்றான். குடை பறந்து வந்தது.

"ஏன்ரா பந்தைப் பிடிக்கேலை?"

"பந்து எப்ப வந்ததம்மா? நான் காலையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."