பாதாளத்தின் பதினோராம் தளம்

காரிமங்கலத்துக்குக் கிழக்கே குன்றை அறுத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஒரு கிரானைட் கம்பெனிக்கு எண்பத்தாறாம் வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடத் தெரிந்தவள் ராஜமேரி ஒருத்திதான். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கி மூன்று மாத கோர்ஸ் படித்தவள். ஏசி போட்ட அந்தச் சின்ன அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேனேஜர் கிருஷ்ணப்பன்கூட வாசலில் நின்றே பேசுவார்.

மிஷினை நிறுவ வந்த இன்ஜினியர் ஒரு பிளாப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. படமில்லை, சத்தமில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும். பில்லில் விலைக்கு முன்னால் போடும் 'அட் த ரேட்' குறிதான் ஆட்டக்காரர். புள்ளிகள் தரை, கோடுகள் சுவர், இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பிராணி. பாதாளத்துக்குள் தளம் தளமாக இறங்க வேண்டும். எதிரில் வருவதைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் அது கொன்றுவிடும். சாகாமல் நிறுத்தினால் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்துதான். மறுபடி தொடங்கினால் பாதாளமே வேறாகியிருக்கும். நேற்று கதவு இருந்த இடத்தில் இன்று சுவர் இருக்கும். நேற்று காயத்தை ஆற்றிய சிவப்பு மருந்து இன்று கண்ணை அவித்துவிடும்.

முதல் வாரத்தில் ராஜமேரி முப்பது தடவை செத்தாள்.

அவளுக்குத் துணையாகச் சேர்ந்தவர் மாதேஸ்வரன். பாறையில் துளை போடும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். கல் சரிந்து இடது கால் வளைந்துபோன பிறகு ஆபீஸ் காவலுக்குப் போட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பின்னால் உட்கார்ந்துகொள்வார். இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்தின் உருவத்தைப் பார்த்து அவரே பெயர் வைப்பார். H வந்தால் "ஏணிக்காரன் வர்றான்" என்பார். D வந்தால், "தொப்பக்காரன்! ஓடுங்க மேரிம்மா." S என்றால் பாம்பு. அது மட்டும் நிஜமாகவே பாம்புதான்.

அவர் கேட்கிற கேள்விகள்தான் வேடிக்கை. "செத்த பாம்ப தின்னா என்னாவுமுங்க?" தின்றாள். விஷம் ஏறிச் செத்தாள். "அந்தக் கதவ ஒதைச்சுப் பாருங்க." உதைத்தாள், கால் பிசகியது. என்ன கிறுக்குத்தனம் செய்தாலும் அந்த விளையாட்டிடம் ஒரு பதில் இருந்தது. எங்கோ எவனோ ஒருவன் உட்கார்ந்து, இவர்கள் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறான். அதை நினைத்தால் ராஜமேரிக்குப் புல்லரிக்கும்.

"கல்லும் இப்படித்தானுங்க. பதினெட்டு வருஷம் கொடஞ்சேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார் மாதேஸ்வரன்.

இரண்டு பேரும் சேர்ந்து பல சாவுகளுக்குப் பிறகு ஒன்று கற்றுக்கொண்டார்கள். கூட்டமாக வந்தால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, எட்டுப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும். சந்துக்குள் பின்வாங்கிவிட்டால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வர முடியும். அப்படித்தான் பத்தாம் தளத்தைத் தாண்டிப் பதினொன்றில் கால் வைத்தார்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமை குன்றில் வெடி வைத்தபோது, ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு துண்டு எகிறி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. பக்கத்துக் கொல்லையில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தான் மாதப்பன். முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். குனிந்த தலை நிமிரவே இல்லை. தலையென்று சொல்ல எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் கிருஷ்ணப்பன் வாசலில் நின்று ஒரு கடிதம் சொன்னார். திங்கட்கிழமை கம்பெனி எல்லைக்குள் வெடியே வைக்கப்படவில்லை என்று தாசில்தாருக்கு. ராஜமேரியின் விரல்கள் நின்றன.

"சார், வெடிச் சத்தம் எனக்கே கேட்டுதுங்களே."

"சொன்னத அடிம்மா."

அடித்தாள். கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. நகலைப் பைலில் போட்டாள். அன்று மத்தியானம் விளையாடவில்லை. புதன்கிழமை விளையாடினாள்.

புதன்கிழமை பதினோராம் தளத்தில் ஒரு தூண்காரன், அதாவது T, அவளுடைய குறிக்கு நேர் எதிரில் நின்றிருந்தான். அடுத்து என்ன செய்வதென்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே கண்ணாடி நொறுங்கியது. கிருஷ்ணப்பன் நெற்றியில் ரத்தம் வழிய ஓடி வந்தார். பின்னாலேயே ஆறு பேர். முன்னால் வந்தவன் காளியப்பன், மாதப்பனின் அண்ணன். கையில் கொடுவாள்.

கிருஷ்ணப்பன் செருப்புக் காலோடு ஏசி அறைக்குள் பாய்ந்தார். என்ன என்று கேட்க எழுந்து வெளியே வந்த இருவரையும் வெளியிலேயே விட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

அறைக்கு முன்னால் நாலடி அகலத்தில் ஒரு நடை. இரண்டு பக்கமும் அலமாரிகள், அவற்றில் பாலிஷ் போட்ட சாம்பிள் கற்கள். மாதேஸ்வரன் மூலையில் இருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு நொண்டியபடி ஹாலைப் பார்த்து நடந்தார்.

"போவாதீங்கண்ணா!" ராஜமேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வெளிய போனா சுத்திக்குவாங்க. சந்துலயே நில்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். நின்றார்.

"வெலகிக்க மாதேசு," என்றான் காளியப்பன். "ஒன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நாய வெளிய அனுப்பு."

"கொடுவாள கீழ போடு காளி. பேசிக்கலாம்."

"என் தம்பிய சாக்குல அள்ளிக்கினு போனேன்டா! என்னா பேச்சு?"

முதல் ஆள் பாய்ந்தான். கடப்பாறை அவன் தோளில் இறங்கியது, எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவனை இழுத்துத் தள்ளிவிட்டு இரண்டாமவன் தடியோடு வந்தான். ராஜமேரி மாதேஸ்வரனின் தோளுக்கு மேலாக ஒரு கல்லை வீசினாள். அது அவன் வாயில் பட்டது, பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொரு கல். இன்னொன்று. ஒன்றும் குறி தப்பவில்லை. அதுதான் பின்னாட்களில் அவளைத் தூங்கவிடாத விஷயம். அந்த நேரத்தில் அவள் மனசு எங்கும் ஓடாமல், அடுத்தது யார், எந்த இடம் என்று மட்டும் பார்த்தது.

காளியப்பன் குனிந்து வந்தான். கடப்பாறை அலமாரியில் சிக்கிக்கொண்டது. கொடுவாள் மாதேஸ்வரனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கி மறுபடி மேலே வந்தது. அவர் சுவரில் சரிந்தார். ராஜமேரி கடப்பாறையைப் பிடுங்கி இரண்டு கையாலும் ஓங்கினாள். காளியப்பனின் வலது முழங்கையில் விழுந்தது. கொடுவாள் தெறித்தது. அவன் மல்லாந்து விழுந்தான். மறுபடி அதே கையில் அடித்தாள். மறுபடி. மறுபடி.

"ஆத்தா!" என்று அலறினான் அவன்.

அந்தக் குரலில்தான் நிறுத்தினாள். குன்றிலிருந்து தொழிலாளிகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

தாழ் திறந்தது. கிருஷ்ணப்பன் தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்தார். அவருக்குப் பின்னால் பச்சைத் திரையில் தூண்காரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். யாராவது ஒரு பட்டனை அழுத்தும் வரைக்கும் அவனால் அடிக்க முடியாது.

"போலீஸ் வர்றதுக்குள்ள அந்த லெட்டர் காப்பிய கிழிச்சுரும்மா" என்றார்.

ராஜமேரி பைலிலிருந்து நகலை எடுத்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மாதேஸ்வரனை ஏற்றிய லாரியில் ஏறினாள். தர்மபுரி போகும் வழியெல்லாம் தன் தாவணியைச் சுருட்டி அவர் கழுத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். தாவணி கனத்துப்போயிற்று. அவர் தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. டவுன் எல்லைக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

நகலை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். வேலை போயிற்று. கேஸ் நடந்தது. எண்பத்தெட்டில் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரே காளியப்பன், வலது சட்டைக்கை தொளதொளவென்று காலியாகத் தொங்கியது.

"அவர் கீழே விழுந்த பிறகு எத்தனை தடவை அடித்தீர்கள்?" என்று அவன் வக்கீல் கேட்டார்.

"மூணு தடவைங்க."

"ஆயுதம் கையில் இல்லாதவரை ஏன் அடித்தீர்கள்?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிச்சுருவாருன்னு நெனச்சேங்க. எந்திரிச்சுருக்க மாட்டாரு. அது அப்பவே எனக்குத் தெரியும்."

வெடி வைத்ததையும் கடிதம் அடித்ததையும் சேர்த்தே சொன்னாள். காளியப்பனுக்கு ஏழு வருஷம். கிருஷ்ணப்பனுக்கு இரண்டு. அவளை யாரும் தண்டிக்கவில்லை. தற்காப்பு என்றார்கள்.

அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் கம்ப்யூட்டர் இருந்தது, அந்த விளையாட்டும் யார் மூலமோ வந்து சேர்ந்திருந்தது. ஒரு வருஷம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாள்.

கூட வேலை பார்த்த ஹசீனா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "என்னாக்கா, ஒண்ணையும் அடிக்க மாட்டேங்கிற? ஓடிக்கிட்டே இருக்க?"

"ஒண்ணையும் கொல்லாம எவ்வளவு கீழ போவலாம்னு பாக்கறேன்."

"அப்பிடி ஆட வுடுமா அது?"

"வுடுது," என்றாள் ராஜமேரி. ஒரு எழுத்து சந்தின் மறுமுனையில் தோன்றியது. அவள் கதவைச் சாத்திவிட்டு வேறு வழி தேடத் தொடங்கினாள். நாலாம் தளத்தில் செத்தாள்.