இனித்துப்போன மூட்டைகள்

முதல் ஈடு சிப்ஸ் கறுத்து மிதந்தபோது அக்கா எண்ணெயைத்தான் சந்தேகித்தாள். கதவோரம் கிடந்த கிழங்கு மூட்டையைத் தாண்டிப்போய்ப் புது எண்ணெய் எடுத்துவந்தாள்.

"இதையும் குளிர் அறைக்குள்ள தூக்கி வைன்னு எப்பவோ சொன்னேன். சோம்பேறி!" என்று போகிறபோக்கில் தம்பியை ஒரு பிடி பிடித்தாள்.

இரண்டாவது ஈடும் கரித்துண்டாக எழுந்து வந்தது. பெரிய கடைக்காரர் மதியம் ருசி பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்றால் இந்தப் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்கக்கா."

"கண்ணு இல்லடா, காலையில உன் மூஞ்சியில முழிச்சேன்."

சொல்லிக்கொண்டே பச்சை உருளைக்கிழங்கு ஒன்றைக் கடித்தவள் திடுக்கிட்டாள். இனித்தது!

"சீனி கினி கொட்டினியாடா?"

"மூட்டைக்குள்ளயா? எனக்கென்ன பைத்தியமா?"

கிழங்கு கொடுத்த மண்டிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "குளிர் எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

தம்பி தலையைச் சொறிந்தான். "நீ எட்டு டிகிரியில வச்சிருந்த. முளைச்சிடுமோன்னு நான்தான் போன மாசம் ரெண்டுக்கு இறக்கினேன்."

"அடப்பாவி!"

"அவனைத் திட்டாதீங்க," என்று போனில் குறுக்கிட்டார் மண்டிக்காரர். "கிழங்கு உயிருள்ள சாமான்மா. குளிர் தாங்கலன்னா உள்ள இருக்கற மாவைச் சர்க்கரையாக்கித் தன்னைக் காப்பாத்திக்கும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில கறுக்குது. வெளிய எடுத்து மூணு வாரம் மிதமான சூட்டுல வைங்க. பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடும்."

அவள் தான் கடித்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் சீவித் தள்ளிய கை. மூட்டைக்குள் ஒன்று உயிர் பிழைக்கப் பாடுபடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பார்வை மெல்லக் கதவோரம் போனது. குளிரே படாத மூட்டை!

அந்த மூட்டைக் கிழங்கு பொன்னிறமாகப் பொரிந்தது. கடைக்காரர் இரண்டாம் கைப்பிடி அள்ளினார்.

"பிரமாதம்! நாளைக்கே நூறு கிலோ கிடைக்குமா?"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"மூணு வாரம் ஆகும் சார். மத்த கிழங்கெல்லாம் குளிர்ல அடிபட்டிருக்கு. தேறணும்."

"கிழங்கு தேறணுமா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னும் நாலு சிப்ஸை எடுத்துக்கொண்டார். "சரி, தேறினதும் சொல்லுங்க. அதுவரைக்கும் வேற ஆளைப் பார்க்கல."

அவர் போனதும் மூட்டைகளை வெளியே இழுத்தார்கள். தம்பி ஒன்றைத் தொப்பென்று போட்டான்.

"மெதுவாடா!"

"கிழங்குதானேக்கா?"

"அதைத்தான்டா என்னால நம்ப முடியல," என்றாள். அடுத்த மூட்டையை இரண்டு கையாலும் அணைத்து மெல்ல இறக்கி வைத்தாள்.