மூன்றாவது கட்டம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சுற்றுமடல்'. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு போப்பாண்டவர் திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடலை இழுத்து வந்துவிடுவேன் என்பதால். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குப் பாம்புக் காது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்தொன்பது வருடமாக எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வி எடுக்கிறேன். உழைப்பவரின் மாண்பு, நியாயமான கூலி, ஏழைகளுக்கு முதலிடம் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

வருடத்துக்கு ஒருமுறை நீதி வாரம் நடத்துவோம். பிள்ளைகள் ஒரு தாளை மூன்று கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, உழைக்கிற ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும். பார்த்ததை 'பார்' என்ற முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அது நியாயமா என்பதை 'சீர்தூக்கு' என்ற இரண்டாவதில். நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை 'செய்' என்ற மூன்றாவதில். மூன்றாவதில் பாதிப் பேர் 'ஜெபிப்போம்' என்று முடித்துவிடுவார்கள். நானும் டிக் அடித்துவிடுவேன்.

இந்த வருடம் எங்கள் பள்ளிகளை நடத்தும் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து கல்விச் செயலர் அம்மா வெள்ளிக்கிழமை கண்காட்சி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளை விரட்டு விரட்டு என்று விரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை 'வக்கீல்' தன் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டாம் பெஞ்ச்காரி. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள், அதனால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். மற்றவர்கள் கட்டட வேலை, மீன் சந்தை என்று ஊரைச் சுற்றியிருக்க, இவள் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டவேயில்லை. எங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மாவிடம் பேசியிருந்தாள்.

முதல் கட்டத்தில் இப்படி இருந்தது: 'காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து வரை வேலை. பதினான்கு கழிப்பறைகளைக் கழுவுகிறார். ஒன்றையும் அவர் பயன்படுத்தக் கூடாது. மாணவிகளுடையதில் பெரியவர்கள் போகக் கூடாது என்று பாதுகாப்பு விதி. ஆசிரியர்களுடையது பூட்டியிருக்கும். கழுவுவதற்கு மட்டும் சாவி தருவார்கள், கழுவியதும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். மதியம் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிறார். அதுவரை தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருடம் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாராம் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவது என்று என்னிடம் கேட்டார்.'

இரண்டாவது கட்டத்தில் ஒரே வரி: 'நியாயமில்லை.' மூன்றாவது காலியாக இருந்தது.

அந்தச் சாவி ஆசிரியர் அறையில், என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. அதற்கு மேலே, உயரத்தில் ஓர் அறிவிப்பு: 'ஆசிரியர்களுக்கு மட்டும். சுத்தம் செய்தவுடன் சாவியை இங்கே மாட்டவும்.' எழுதியது நான். எழுதியது மட்டுமில்லை, இந்தப் பூட்டு விஷயத்தைக் கிளப்பிவிட்டதும் நான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவசரமாகப் போனபோது வாசலில் அந்தத் துப்புரவு அம்மாவின் செருப்பு கிடந்தது. இரண்டு நிமிடம் காத்து நின்றேன், அவ்வளவுதான். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் சுகாதாரம், ஒழுங்கு என்று என்னென்னவோ பேசிப் பூட்டு வாங்க வைத்தேன். அதே வாரம் வகுப்பில் எந்தப் பாடம் எடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

"மூணாவது கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்றேன்.

"அதை நீங்கதான் செய்ய முடியும் டீச்சர். என்னால முடியாதுல்ல, அதான் விட்டுட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. அந்த அறிவிப்பை அவள் பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்கு ஆசிரியர் அறைக்குள் அனுமதியில்லை. என்மேல் நம்பிக்கை வைத்துச் சொன்னாள். நான் என்ன செய்தேன் என்றால், தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இது நம்ம வீட்டு விஷயம்மா. வெளியாளுங்க வர்ற இடத்துல ஒட்ட முடியாது. நீ சந்தைப் பக்கம் போய் வேற யாரையாவது பாத்துட்டு வா."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்று போய்விட்டாள். கேட்டிருந்தால் திட்டியாவது இருப்பேன்.

மறுநாள் காலையில் வராந்தாவில் அந்தத் துப்புரவு அம்மா வாளியோடு எதிரே வந்தாள். என் வயதுதான் இருக்கும். வழக்கமாகச் சுவரோரம் ஒதுங்கிப் போகிறவள் அன்றைக்கு நின்றாள்.

"பாப்பா ஏதோ எழுதிட்டுப் போச்சு டீச்சர். நீங்க படிப்பீங்கன்னு சொல்லுச்சு."

"படிச்சேன்மா. பாப்போம்."

"சரிங்க டீச்சர்" என்றாள். அந்த 'பாப்போம்' எத்தனை காசு பெறும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சுவரெல்லாம் தாள்கள். வக்கீல் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கோடு பிசகாமல், நான் வகுப்பில் சொன்ன மேற்கோள்களோடு, முத்து முத்தாக. மூன்றாவது கட்டத்தில் 'இவருக்காக ஜெபிப்போம்' என்று இருந்தது. செயலர் அம்மா அதன் முன்னால் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க டீச்சர்" என்று என் தோளைத் தட்டினார். வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளைக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். எங்காவது ஓடிப்போய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

அப்புறம் செயலர் அம்மா என் காதருகே வந்து, "ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு?" என்றார். "வாங்க வாங்க" என்று ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போனேன். அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு வக்கீலும் பின்னாலேயே வந்தாள். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செயலர் அம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர் இல்லை.

திரும்பினால், வக்கீல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பை ஒருமுறை படித்தாள். தினமும் கரும்பலகையில் பார்க்கிற எழுத்து, தெரியாமல் போகுமா? என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

செயலர் அம்மா சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் பையோடு தாளாளர் அறைக்குக் காபி குடிக்கப் போனார். வக்கீல் போகாமல் அங்கேயே நின்றாள். வராந்தாவில் அந்தம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இனி எப்போதுமே முடியாது என்று தோன்றியது. போய்ச் சாவியை நீட்டினேன். ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

"இந்தாம்மா" என்று மட்டும் வந்தது.

வாங்கிக்கொண்டு வேகமாகப் போனாள். எனக்கு மனசு லேசானது. பரவாயில்லை, தேறிவிடுவேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம், துடைப்பம் தேய்க்கிற சத்தம். ஐந்து நிமிடத்தில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சாவியை ஆணியில் மாட்டினாள்.

"கழுவிட்டேன் டீச்சர்."

வக்கீல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இனி வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

"கழுவறதுக்குத் தரலைங்க. நீங்க போயிட்டு வர்றதுக்குத் தந்தேன். இனிமே எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க."

அவள் சாவியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அதற்கு மேலே பார்த்தாள்.

"போர்டு இருக்குல்ல டீச்சர்."

"அதை எழுதினது நான்தான்" என்றேன். அந்தப் பிள்ளையின் முன்னால் சொல்லிவிட்டேன், பெரிய காரியம் செய்துவிட்டதாக இருந்தது.

"தெரியும் டீச்சர்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "நீங்க ஸ்டூல் மேல ஏறி ஒட்டறப்ப, ஆடாம பிடிச்சுக்கிட்டது நான்தானே."

எனக்கு அது ஞாபகமே இல்லை. வக்கீல் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துவந்து ஆணிக்குக் கீழே போட்டாள். அறிவிப்பைக் கிழித்தெடுக்க நான் ஏறினேன். இந்த முறையும் அந்தம்மாதான் வந்து பிடித்துக்கொண்டாள்.