சீருக்கு வந்த லேப்டாப்

வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அருள்பாண்டிக்குக் கவுரவம் என்றால் உயிர். சோறு இல்லாவிட்டாலும் இருப்பான், பெயர் இல்லாமல் இருக்க மாட்டான். அவனுடைய அக்கா கனகலட்சுமி விளாங்குடியில் வீடு கட்டிக் குடிபோகிற நாள் நெருங்கியது. பிறந்த வீட்டுச் சீரைத் தம்பிதான் கொண்டுபோக வேண்டும்.

"பிரிட்ஜு, கட்டிலெல்லாம் இருக்குடா. எம் மகளுக்கு ஒரு லேப்டாப்பு வாங்கிக் குடு, போதும்" என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

மகள் ஆர்த்திகா பி.காம் முடித்தவள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு ஆன்லைனில் பரீட்சை எழுதவிருந்தாள். எந்த லேப்டாப் வேண்டும் என்று மாமனுக்குப் போனில் பொறுமையாகச் சொன்னாள்.

"வேகமா ஓடணும் மாமா. மூணு மணி நேரப் பரீட்சை, கேமராவும் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல நின்னுச்சுன்னா அம்புட்டுத்தான், மறுபடி எழுத விட மாட்டாங்க. பாக்கச் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

மதுரையில் கடைக்காரர் அவள் சொன்னதையே எடுத்து வைத்தார். பெட்டி ஒரு பட்டுச்சேலைப் பெட்டி அளவுதான் இருந்தது. அருள்பாண்டிக்கு முகம் செத்துப்போனது. மேளம் முன்னால் போக, நூற்றியொரு தட்டு பின்னால் வர, தாய்மாமன் கையில் இத்தனூண்டு பெட்டியா? போன மாதம் கனகலட்சுமியின் தெருவிலேயே ஒருத்தன் தன் அக்காவுக்கு ஆளுயர பீரோவைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"இதே விலையில பெருசா ஒண்ணும் இல்லையாண்ணே?"

இருந்தது. அகலமான திரை, கூடவே பிரிண்டர், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு பை, எல்லாம் சேர்த்து ஒரே பெட்டி. "ஆனா இது பழைய மாடல்ணே, ரொம்ப மெதுவாத்தான் ஓடும். படிக்கிற புள்ளைக்குன்னா மொதல்ல காட்டினதையே எடுங்க" என்று அந்த மனுஷர் சொல்லத்தான் செய்தார். கேட்டால்தானே! வீட்டில் வைத்துத் தட்டப்போகிற பிள்ளைக்கு இது போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான் அருள்பாண்டி.

சீர் அன்றைக்குப் பெட்டியை இரண்டு பேர் தலையில் தூக்கி வந்தார்கள். மைக்கில் அவன் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். மீசையை நீவிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். பெட்டியைப் பார்த்த ஆர்த்திகாவின் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு காணாமல் போனது. பிறகு, "நல்லா இருக்கு மாமா" என்றாள். அந்த ஒரு நொடியை அவன் பார்த்தான். பார்க்காதவன்போல் பந்திக்குப் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து விளாங்குடிக்குப் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாடா. உம் மருமக லட்சணத்தக் கேளு. ஊரு மெச்ச நீ வாங்கிக் குடுத்தும் பரீட்சையில கோட்ட விட்டுட்டு நிக்கிறா. அந்த வேலையும் போச்சு. எந்நேரமும் போனு, அப்புறம் எப்படி வெளங்கும்?"

ஆர்த்திகா சுவரோரம் நின்றிருந்தாள். "நாந்தான் மாமா சரியாப் படிக்கல" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவனுக்குச் சுருக்கென்றது. விடிய விடியப் படிக்கிற பிள்ளை. யாருக்காகப் பொய் சொல்கிறது என்று தெரியாதா?

"பாதியில நின்னுபோச்சா தாயி?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அவளை வையாதக்கா" என்றான். "அவ கேட்டது வேற. கடைக்காரரும் சொன்னாரு. சீருக்குப் பெருசாத் தெரியணும்னு நாந்தான் பொட்டியப் பாத்து வாங்கினேன். அவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டது நாந்தான்."

கனகலட்சுமி திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள். அடுத்த கணமே தம்பியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "மெதுவாப் பேசுடா! எங்க நாத்தனா உள்ளதான் இருக்கா. காதுல விழுந்தா நான் இந்த வீட்டுல தலை நிமிந்து நடக்க முடியுமா?"

விழுந்துவிட்டது. நாத்தனார் முருகம்மாள் டீத் தம்ளர் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அருள்பாண்டி அவள் பக்கம் திரும்பினான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"மதினி, நான் சீருக்குக் கொண்டாந்தது ஒண்ணுத்துக்கும் ஒதவாத பொட்டி. தெரிஞ்சேதான் வாங்கினேன்."

முருகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். கேலிக்காரிதான், அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"அத இப்பத்தான் சொல்றியா தம்பி? அன்னைக்குப் பந்தியிலயே அதான பேச்சு. பொட்டியப் பாத்ததுமே பழைய மாடலுன்னு எம் மகன் சொல்லிட்டான், எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. இவதான் ஒவ்வொருத்தர் கையாப் புடிச்சுக் கெஞ்சினா. 'எங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம், மாமாவுக்குத் தெரியவே வேணாம், மனசு நொந்துபோவாக'ன்னு."

மைக்கில் பெயர் கேட்டு மீசையை நீவிக்கொண்டு அவன் நின்றபோது, அந்தப் பிள்ளை பந்தி பந்தியாகப் போய் அவன் மானத்தைப் பிச்சை கேட்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அருள்பாண்டிக்கு உடம்பே கூசியது.

ஆர்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தம்ளரை எடுத்து நீட்டினாள். "ஆறிப்போகுது மாமா, குடிங்க."

அவள் கையிலிருந்து அதை வாங்க அவனுக்குக் கை எழவில்லை.