சேற்றுக்கு அடியில்

கரும்பாறைக் குடாவில் சங்கு குளிப்பதை மூன்று வருடங்களுக்கு நிறுத்தச் சொல்லும் அறிக்கையை மீன்வள ஆய்வாளர் இராமகிருஷ்ணன் வாசித்து முடித்தபோது, சங்கு குளிப்பவர்களில் ஒருவனான மத்தியாஸ் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். அது 1967. தூத்துக்குடிக் கரையிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு வந்த எட்டுக் குடும்பங்கள் அந்தக் குடாவின் டர்போ என்னும் பெரிய சங்கை நம்பித்தான் இருந்தன. சங்கு கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானாகும். இப்போது கடலடியில் உயிருள்ள சங்கே இல்லை. குளியாளிகள் அளவுமீறி எடுத்ததே காரணம் என்றது அறிக்கை.

"சாப், நீங்க மேல நின்னு எழுதியிருக்கீய. ஒரு தடவ கீழ வந்து பாருங்க."

"எனக்கு நீச்சலே தெரியாதுப்பா."

"அப்ப அடிய மேல கொண்டாரேன்."

மறுநாள் காலை, நீர் வற்றிய நேரத்தில், தோணியில் மூவர் போனார்கள். மத்தியாஸின் கூட்டாளி அல்போன்ஸ் துடுப்புப் போட்டான். மத்தியாஸ் கடப்பாரையோடும் கூடையோடும் இறங்கி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டினான். மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம், கூடையில் கிடைத்ததை வந்த வரிசைப்படியே தோணிப் பலகையில் வைத்தான். முதலில் ஒரு சாண் ஆழத்துக்கு வெறும் செம்மண் சேறு. அதற்கடியில் பெரிய டர்போக்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் வாயை அடைக்கும் கல் மூடி. எல்லாவற்றுக்கும் கீழே சாம்பல் களிமண்ணும், கண்டல் மரத்தின் வேர்க்கட்டையும், இரண்டு ஓடும் சேர்ந்தபடியே செத்துக்கிடந்த மட்டிகளும்.

இராமகிருஷ்ணன் வேர்க்கட்டையை வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். "இங்க ஒரு காலத்துல கண்டல் காடு இருந்திருக்கு. நாப்பத்தொண்ணாம் வருசப் பூகம்பத்துல தரை இறங்கிப்போச்சு போல."

"மட்டி போச்சு, பாறைமேல தண்ணி ஏறுச்சு, டர்போ வந்துச்சு. அது கடலோட வேலை. இந்தச் சேறு அப்படியில்ல." மத்தியாஸ் கரையைக் காட்டினான். குடியேற்றத்துக்காகக் காடு வெட்டிய குன்று மொட்டையாக நின்றது. மூன்று மழைக்காலமாக அந்த மண்தான் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. "நாங்க எடுத்திருந்தா சங்கு கப்பல்ல போயிருக்கும் சாப். மூடியோட இங்க கிடக்காது. இதுக மூச்சு முட்டிச் செத்ததுக."

இராமகிருஷ்ணன் பேனாவை எடுத்து அறிக்கையில் குளியாளிகளைக் காரணம் சொன்ன வரியை அடித்தார். அல்போன்ஸ் சிரித்துக்கொண்டே தோணியைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"கரைக்கு வேண்டாம்," என்றான் மத்தியாஸ். "வெளிப்பாறைக்கு விடு."

அல்போன்ஸின் சிரிப்பு நின்றது. "ஏல, ஒனக்குக் கிறுக்கா? சாப் அடிச்சிட்டாருல்ல."

"சேறுன்னு நான் சொன்னத அவரு நம்புனாரு. மிச்சத்தையும் சொல்லணும்."

குடாவின் வாயருகே இருந்த வெளிப்பாறையில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. சேறு அங்கே எட்டவில்லை. மத்தியாஸ் ஐந்து முறை இறங்கி ஒரு கூடை சங்கை அள்ளி வந்தான். எதுவும் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதில்லை. "இது எங்க கை வேலை, சாப். பெருசெல்லாம் நாங்க எடுத்துட்டோம். இந்த ஒரு பாறைய மட்டும் யாரும் குளிக்காம பந்த் பண்ணுங்க. மத்த எடத்துல, உள்ளங்கைய விடச் சிறுச எடுக்க மாட்டோம்."

"உங்க எட்டுக் குடும்பமும் ஒத்துக்குமா?"

"நான் பேசுதேன்."

அல்போன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பாறையை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். அவனுடைய தங்கை ரோசலினின் கல்யாணத்துக்கு இதைத்தான் நம்பியிருந்தான். மத்தியாஸுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னான். ஆனாலும் அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. கடலடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது எதுவும் தன்னிடம் பாக்கியில்லை.

கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் மறுபடி குதித்தான். குஞ்சுச் சங்குகளை ஒவ்வொன்றாகப் பாறை இடுக்குகளில் வைத்தான். பாதிக் கூடை காலியானபோது தலைக்கு மேலே வெளிச்சம் உடைந்தது. குமிழிகளுக்கு நடுவே அல்போன்ஸ் இறங்கி வந்தான். மத்தியாஸைப் பார்க்கவில்லை. கூடைக்குள் கைவிட்டு இரண்டு சங்குகளை எடுத்துக்கொண்டு, பாறையின் மறுபக்கம் நீந்திப்போய், நல்ல இடுக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.